மயோ கேட்கும் நேரம்

என் வீட்டுக்காரருக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். மயோ. தண்ணீர் வேண்டுமென்றாலும் மயோ, முதுகு வலிக்கிறது என்றாலும் மயோ, ஃபேனை நிறுத்து என்றாலும் மயோ. கோபம் வந்தால் அதையே அடுக்கடுக்காகச் சொல்லி மூச்சு வாங்குவார். என் பெயர் அந்த வாயிலிருந்து வந்து வெகு நாளாகிறது. நான் யாரென்று அவருக்குத் தெரிகிறதா, அல்லது சோறு ஊட்டித் துணி மாற்றுகிற யாரோ ஒருத்தி என்று நினைக்கிறாரா? எனக்கு அப்போது இருந்த கேள்வி அது ஒன்றுதான். அவரிடமே கேட்டும் பார்த்தேன். மயோ என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முட்டையையும் எண்ணெயையும் பூண்டோடு சேர்த்து மிக்சியில் அடித்தால் திரண்டு வரும் வெள்ளை விழுதுக்குத்தான் அந்தப் பெயர். முழுப்பெயர் மயோனைஸ். அதை எங்கள் பக்கம் கடைப்பலகை எழுதுகிறவரைத் தவிர வேறு யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. ஆம்பூர் என்றால் மூன்று வேளையும் பிரியாணிதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தினமும் பிரியாணி தின்றால் குடும்பம் உருப்படுமா? சாயங்காலம் ஷூ கம்பெனி விட்டு இறங்குகிறவர்களுக்கு ஹைவே ஓரத்துக் கிரில் கடையும் சவர்மா கடையும்தான் கதி. அங்கே மயோ ஜாஸ்தி, மயோ கம்மி, மயோ தனியா என்று மூன்று ஜாதி மனிதர்கள். கடைக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்து "மயோ?" என்று கேட்பார். வைக்கட்டுமா, எவ்வளவு வைக்கட்டும், பார்சலா, நின்று சாப்பிடுவீர்களா எல்லாம் அதற்குள் அடக்கம்.

நான்காவது ஜாதி ஒன்று உண்டு. அது நாங்கள், பேஸ்டிங் செக்‌ஷன் பெண்கள். பி.காம். முடித்துவிட்டுக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை, தோலின் உள்பக்கத்தில் பிரஷ்ஷால் லேட்டக்ஸ் பசை தடவி லைனிங் துணியை ஒட்டுவது. அந்தப் பசையும் வெள்ளை. அதுவும் கெட்டியாக, பளபளப்பாக, டப்பாவில் மேடு தட்டி நிற்கும். காலையிலிருந்து அதைத் தடவிவிட்டு வந்தவளுக்கு, அதே நிறத்தில் ஒன்றை ரொட்டியில் தடவிக் கொடுத்தால் எப்படி இறங்கும்? தையல் மெஷினில் உட்காரும் பெண்கள் விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுவார்கள். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

மாதனூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில்தான் அவருடைய சவர்மா வண்டி இருந்தது. நான் இறங்கியதும் ஒன்று வாங்குவேன். பாதி எனக்கு, பாதி அம்மாவுக்கு. அவர் கரண்டியைத் தூக்குவார்.

"மயோ?"

"வேணாம்ணா. கம்பெனில பூசறதே போதும்."

மறுநாள் மறுபடியும் கேட்பார். "தெனமும் சொல்றேன்ல, மண்டைல ஏறாதா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "கேக்கறது என் வேலை. ஒரு நாளாவது மனசு மாறாதா?" என்றார். கடைக்காரர்கள் எல்லோரையும் அண்ணா என்று கூப்பிடுவது கம்பெனிப் பெண்களின் பழக்கம். அவரை நான் எப்போது அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்தினேன் என்பதைப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைவிட முன்னால் கவனித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் பெரிய எதிர்ப்பில்லை. குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிய அளவுக்கு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அந்தச் சொல் அவரை விடவில்லை. டீ வேண்டுமா என்று கேட்கவும் மயோ, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்கவும் மயோ. எனக்குக் கோபம் வந்து மூலையில் உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாக, "மயோ?" நான் கடைசி வரையில் மயோ சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், பிரஷ் கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் மிஞ்சியது. வலது கையும் வலது காலும் மிஞ்சவில்லை. பேச்சும் போயிற்று. சில வாரம் கழித்து நினைவு தெளிந்து முதல்முதலாக வாயைத் திறந்தபோது வந்தது இந்த மயோதான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஆச்சரியப்படவில்லை.

"சில பேருக்கு இப்டி ஆகும்க்கா. எல்லா வார்த்தையும் உள்ள பூட்டிக்கும். வாய்க்கு ரொம்பப் பழகின ஒண்ணு மட்டும் வெளில நின்னுக்கும்."

"நம்ம பேசறது புரியுமா அவருக்கு?"

"கொஞ்சம் புரியும்."

"என்ன அடையாளம் தெரியுமா?"

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போகப் போகத் தெரியும் என்றாள். எனக்குத் தெரியுமா அவருக்குத் தெரியுமா என்று அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கூப்பிட்ட பெண்டாட்டி பெயர் வாய்க்குப் பழகவில்லை, முகம் தெரியாத ஜனங்களிடம் கேட்ட மயோ பழகியிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூளை நரம்போடு யார் சண்டை போடுவது?

நான் வேலைக்குப் போயாக வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து அவருடைய அக்கா வந்து எங்களோடு தங்கினார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுற்றியபடியே தம்பியைப் பார்த்துக்கொள்வார். நல்ல மனசு. ஆனால் எதையும் அப்படியே எடுத்துக்கொள்வார். தம்பி மயோ கேட்கிறான் என்று முதல் நாளே பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி ஒரு கப் வாங்கி வரச்சொல்லி ஊட்டினார். அவர் சாப்பிட்டார். மறுபடி மயோ என்றார். அண்ணி இன்னொரு கப் வாங்கினார். இப்படியே சில நாள் போனது. ஒருநாள் அவர் கப்பை இடது கையால் தட்டிவிட்டார். நான் வந்து பார்க்கும்போது சுவரெல்லாம் வெள்ளையாக வழிந்து, அண்ணி துடைக்கத் துணி இல்லாமல் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாய் தொறந்து கேக்கறான்டி. குடுத்தா அழுவறான். நான் இன்னாதான் பண்றது?"

அதுவரைக்கும் துக்கம்தான். பயம் அதற்கப்புறம் வந்தது.

ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது, அண்ணி எல்லா விளக்கையும் போட்டு வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். முறம் காலியாக இருந்தது. அன்றைக்கு ஒரு பீடி சுற்றவில்லை.

"யாரோ வர்றாங்கடி" என்றார்.

"யாரு?"

"தெரில. விளக்கு வெக்கிற நேரத்துக்கு. தெனமும். நானும் மொதல்ல கண்டுக்கல. அவன் வாசலப் பாத்து கேக்கறான். அப்புறம் பதில் கேட்டுக்கறான். அப்புறம் சிரிக்கறான்."

"அவரு எப்பவும் எதையாவது சொல்லிட்டுத்தான் இருப்பாரு அண்ணி."

"நம்மகிட்ட சொல்றது மாதிரி இல்லடி. நம்மகிட்ட சொல்லும்போது நாக்கு குழறுது. அந்த நேரத்துல குழறல. கடைல நின்னு கேப்பான் பாரு, அப்டி பளிச்சுனு வருது."

அண்ணி நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொம்பளதான். ஆம்பளைய பாத்து எந்த ஆம்பளையும் அப்டி சிரிக்க மாட்டான்."

பேய் பிசாசெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொள்கிறவள்தான் நான். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு ஊட்டும்போது என் முதுகை வாசலுக்குக் காட்டி உட்காரக் கூச்சமாக இருந்தது. நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்தேன். அதோடு இன்னொன்றும் மனசில் புகுந்துகொண்டது. யார் அந்தப் பொம்பளை? நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது, என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்? படுத்த படுக்கையாகிவிட்ட மனிதர் மேல் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டாலும் சந்தேகம் போகவில்லை.

எனக்கு ஓவர்டைம் இருந்ததால் நன்றாக இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவேன். சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லி ஒருநாள் அரை நாள் பர்மிஷன் வாங்கினேன். பஸ் பிடித்து வந்து பின்வாசல் வழியாக நுழைந்தேன். அண்ணியைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுச் சமையலறை இருட்டில் நின்றேன். அங்கிருந்து அவர் நாற்காலியும் தெரியும், திறந்த வாசலும் தெரியும்.

பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பித் தோல் பதனிடும் ஷாப்பு வாடையைக் கொண்டு வந்தது. தெருவில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வழக்கமாக எங்கள் படியில் படுத்துக்கிடக்கும் தெரு நாய் எழுந்து, சோம்பல் முறித்து, எதிர்வீட்டுப் பக்கம் போய்ப் படுத்தது. நாய் எழுந்து போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அதே சமயத்தில் அவர் தலை நிமிர்ந்தது. தோள் நிமிர்ந்தது. சரிந்தே இருக்கும் அந்த முகம் எப்படியோ நேரானதுபோல் இருந்தது.

"மயோ?"

அண்ணி சொன்னது உண்மை. குழறவே இல்லை. ஹைவே லாரிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற அளவுக்கு உயர்த்திய கடைக்குரல்.

பிறகு நிறுத்தினார். ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். ஏனென்றால் நாமும் அந்தப் பதிலுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறோம். வாசலில் ஒன்றுமே இல்லை. படி, அதற்கு அப்பால் தெரு, அவ்வளவுதான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாற்காலியில் இருந்தவர் பதில் வந்துவிட்டது போலத் தலையை ஆட்டிச் சிரித்தார். இடது கை மட்டும் வேலை செய்யத் தொடங்கியது. மடியில் விரித்திருந்த துண்டின் மேல் ரொட்டியை வைத்தார். அள்ளி வைத்தார், உருட்டினார். கத்தியை எடுப்பதுபோல் எடுத்து நடுவில் ஒரு வெட்டு. ஒரு பாதியைத் தனியாகச் சுற்றினார். அடுத்த பாதியைச் சுற்றுவதற்கு முன்னால், ஓரமாக இருந்த எதையோ கிள்ளி அதன் மேல் மட்டும் தூவினார்.

அது பச்சை மிளகாய். அம்மாவுக்கு அல்சர். அம்மாவின் பாதியில் காரம் கூடாது, என் பாதியில் மட்டும் மிளகாய் நறுக்கிப் போட்டுத் தரச் சொல்வேன். கடையில் வேறு யாரும் ஒரு சவர்மாவை இரண்டாக வெட்டி, ஒன்றில் காரம் போட்டு, ஒன்றில் போடாமல் வாங்கியதில்லை. அதற்காகவே பஸ்ஸில் என்னைக் கிண்டல் செய்வார்கள். முகம் மறந்தாலும் யாருக்கு என்ன என்பது கடைக்காரர்களுக்கு மறக்காது.

அவர் பொட்டலங்களை நீட்டினார். யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவர் பார்வை வாசலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து முனைக்கு நகர்ந்து போனது. முனை திரும்பிய பிறகுதான் தோள் தளர்ந்தது. வாய் பழையபடி கோணிக்கொண்டது.

"பாத்தியா?" என்றார் அண்ணி, அழுகிற குரலில். "எந்த பாவி செத்து வந்து நிக்கறாளோ."

என்ன சொல்வது? நான்தான் அண்ணி அது, கம்பெனிச் சட்டையும் தோள்பையுமாக, கல்யாணம் ஆகாத நான் வந்துவிட்டுப் போகிறேன் என்றா? செத்தவர்கள் வருவார்கள் என்று அண்ணிக்குத் தெரியும். உயிரோடு சமையலறையில் நிற்கிறவளே வாசலிலும் வருவாளா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

முன்னால் போய் அவர் எதிரில் நின்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ம...யோ" என்றார், தண்ணீர் கேட்கிற குரலில், நாக்கு குழறி. கொடுத்தேன். குடித்தார். கொடுத்த கையின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அண்ணி சும்மா இருக்கவில்லை. பேரணாம்பட்டில் மந்திரிக்கிற ஒருவரிடம் போய் விவரம் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்து நிலைப்படியில் ஒரு செப்புத் தகடு பதித்து ஆணி அடித்துவிட்டால் அப்புறம் எதுவும் உள்ளே வராது என்று அவர் சொன்னாராம். செப்புத் தகடும் எலுமிச்சம்பழமும் அண்ணி ஏற்கெனவே வாங்கி மாடத்தில் வைத்துவிட்டார்.

"வேணாம் அண்ணி" என்றேன்.

"ஏன்டி? பயம் இல்லியா உனுக்கு?"

"இருக்குது."

"அப்புறம் இன்னா?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாசலில் ஆணி அடித்தால் வராமல் நின்றுவிடப்போவது யார் என்று எனக்குத் தெரியுமே. அவருக்கு என்னைத் தெரியும் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அவள். அவளை விரட்டுவதற்கு நானே எலுமிச்சம்பழம் அறுக்க வேண்டுமா? இதையெல்லாம் அண்ணியிடம் சொல்ல வரவில்லை. வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, வாடகை வீடு, ஓனர் சத்தம் போடுவார் என்று சொன்னேன். ஆவிக்கு அஞ்சியதைவிட அண்ணி ஓனருக்கு அதிகம் அஞ்சினார்.

அன்று ராத்திரி தூக்கமில்லாமல் படுத்திருந்தபோது எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. அவள் வருகிற நேரத்தில், அவள் வருகிற வழியாக, நானே வந்தால்? அவர் கேட்பார். நான் பதில் சொல்வேன். என் குரல் காதில் விழுந்தால் அவளும் நானும் ஒருத்திதான் என்று அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம் என் பெயர்கூட வரலாம். இப்படியெல்லாம் யோசித்து யோசித்து, விடிவதற்குள் அது நடந்தே விட்டதுபோல ஆகிவிட்டது எனக்கு.

மறுபடியும் பர்மிஷன் வாங்கினேன். கம்பெனிச் சட்டையைக் கழற்றவில்லை. கையில் காய்ந்திருந்த பசையை உரிக்கவில்லை. தலையை மட்டும் அந்தக் காலத்தில் பின்னுவதுபோல் ஒற்றைப் பின்னலாகப் பின்னிக்கொண்டேன். தெருமுனையில் நின்று காத்திருந்தேன். எங்கள் படியில் இருந்த நாய் எழுந்து போனதும் நடக்கத் தொடங்கினேன். வாசலுக்கு நேராக, படிக்குக் கீழே போய் நின்றேன்.

அவர் தலை நிமிர்ந்தது. முகம் நேரானது. என்னைப் பார்த்தார் என்றுதான் நினைத்தேன். "வேணாம்" என்ற சொல் என் தொண்டை வரை வந்து தயாராக நின்றது.

அவர் கேட்கவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து என் தோளுக்கு அப்பால் பார்த்தார். பிறகு இன்னொரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். கடையில் கூட்டம் இருக்கும்போது, முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறவர்களைத் தாண்டி அடுத்தவரைத் தேடுவாரே, அதே மாதிரி. அப்புறம் இடது கையை உயர்த்தி, கோபமில்லாமல், மரியாதையாகவே, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.

எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உள்ளே அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. நான்தான்யா அது, நல்லாப் பாருய்யா என்று உலுக்க வேண்டும் போல இருந்தது.

தள்ளி நின்றேன்.

"மயோ?" என்றார், நான் விட்ட இடத்தைப் பார்த்து. காத்திருந்தார். அவள் என்ன சொன்னாளோ, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எப்போதும் நேருக்கு நேராகத்தான் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அவர் கண்ணோரம் அவ்வளவு சுருங்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் ஓவர்டைம் பார்ப்பதில்லை. சீக்கிரமே வந்துவிடுகிறேன். அந்த நேரத்துக்கு அவர் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, மடியில் சுத்தமான துண்டை விரித்துவிட்டு, வாசலை மறைக்காமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொள்கிறேன்.